பேரன் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர்: வீட்டுப் பங்கைக் கொடுத்து அனுப்பலாமா?

தேவகோட்டையிலிருந்து ஆச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: மகன் வயிற்றுப் பேரனுக்கு 14 வயது. கனடாவில் மிசிசாகாவில் ஐஸ் ஹாக்கி அணிக்குக் கோல்கீப்பர். அடுத்து ஏதோ ஒரு தேர்வு வருகிறதாம். அதில் பெயர் வந்தால் வீட்டைவிட்டு வேறு ஊரில் தங்கி ஆட வேண்டுமாம். பிறகு கோடிக்கணக்கில் சம்பளமாம். செலவு தாங்காமல் மகன் திணறுகிறார். தேவகோட்டை வீட்டில் தங்களுக்குள்ள பங்கைப் பங்காளிக்கே கிரயம் செய்து கொடுத்துவிட்டுப் பணத்தை அனுப்பலாமா, இது நம்பக்கூடிய தொழில்தானா, எத்தனை வயது வரை ஓடும், உடம்புக்கு ஆபத்து உண்டா?

ஆச்சி, தொழில் உண்மை, சம்பளமும் உண்மை. ஆனாலும் வீட்டுப் பங்கை இதற்காகக் கொடுக்காதீர்கள். எனக்குப் பள்ளத்தூர். டொராண்டோ பக்கம் கணக்காளராக வேலை பார்த்த காலத்தில் பிள்ளைகள் ஹாக்கிச் சங்கம் ஒன்றுக்குப் பொருளாளராகவும் இருந்தேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ஆட்டத்தின் நுணுக்கத்தைவிட அதன் வரவு செலவு எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அந்தப் பக்கமாகவே பேசுகிறேன்.

முதலில் ஆட்டம். கோவில்பட்டியில் ஆடுகிறார்களே, அந்த ஹாக்கிக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. இது 200 அடி நீளம், 85 அடி அகலமுள்ள பனித்தரையில், காலில் கத்தி வைத்த பூட்ஸ் போட்டு ஆடுவது. பந்து கிடையாது. மூன்று அங்குல விட்டத்தில், ஓர் அங்குலக் கனத்தில் கெட்டியான ரப்பர் வட்டு. அதைப் 'பக்' என்பார்கள். துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்று ஆட்டத்துக்கு முன்பு அதை உறைய வைத்துத்தான் எடுத்து வருவார்கள். அணிக்கு ஐந்து பேர் ஓடுவார்கள், ஆறாவது ஆள் உங்கள் பேரன். மற்றவர்கள் முக்கால் நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொள்வார்கள், அடுத்த ஐவர் இறங்குவார்கள். கோல்கீப்பருக்கு அந்த வசதி இல்லை. இருபது நிமிடமாக மூன்று பகுதி, மொத்தம் ஒரு மணி நேரமும் அவன்தான் நிற்க வேண்டும்.

மேல் மட்டத்தில் அந்த வட்டு வருகிற வேகத்தைச் சொன்னால் பயப்படுவீர்கள், ஆனாலும் தெரிந்திருக்கட்டும். ஸ்டெனோ சாரா என்ற ஆட்டக்காரர் 2012இல் ஒரு போட்டியில் மணிக்கு 175 கிலோமீட்டர் வேகத்தில் அடித்துக் காட்டினார். ஆறடி அகலம், நாலடி உயரமுள்ள வலைக்கு முன்னால் நின்று இதைத் தடுப்பதுதான் வேலை.

இனித் தொழிலின் படிகளுக்கு வருகிறேன். நம் ஐயாக்கள் காலத்துப் பர்மா, மலாயாக் கடைகளை நினைத்துக்கொண்டால் உங்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். பையனைச் சிறு வயதிலேயே பெட்டியடியில் உட்கார வைத்தார்கள், பிறகு அடுத்தாள், தேறினால் மேலாள். மூன்று வருடத்துக்குச் சம்பளச் சீட்டு, அதாவது வேலை ஒப்பந்தம்; கணக்கு முடித்து ஊருக்கு வந்தால் அடுத்த சீட்டு வரும் என்பது நிச்சயமில்லை. கப்பல் ஏறிய எல்லாப் பையன்களும் மேலாள் ஆகிவிடவில்லை என்பது நம் வீடுகளுக்குத் தெரியும். ஐஸ் ஹாக்கியும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான்.

உங்கள் பேரன் இப்போது ஆடுவது 'டிரிபிள் ஏ' என்ற மட்டமாக இருக்க வேண்டும். பிள்ளைகள் ஆட்டத்தில் அதுதான் உச்சி, செலவிலும் அதுதான் உச்சி. அணிக் கட்டணம், பனித்தரை வாடகை, வெளியூர்ப் போட்டிக்கு ஓட்டல், தனிப் பயிற்சி எல்லாம் சேர்ந்து ஒரு பருவத்துக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். கோல்கீப்பர் என்றால் இன்னும் கூடும், ஏனென்றால் கால் பட்டை, மார்புக் கவசம், முகமூடி, இரண்டு தினுசுக் கையுறை என்று அவனுக்கு எல்லாமே தனிச் சாமான். பையன் வளர வளர மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மகன் திணறுவதாகச் சொல்வதில் மிகை எதுவும் இல்லை.

16 வயது நிறைகிற வருடத்தில் வருவதுதான் நீங்கள் கேள்விப்பட்ட தேர்வு: இளைஞர் லீக் ஒன்றின் அணிகள் முறை வைத்துப் பையன்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்வது. ஒன்டாரியோ மாகாணத்தில் அந்த லீக்கை ஓ.எச்.எல். என்பார்கள், 20 அணிகள். இதே தரத்தில் மேற்கே ஒரு லீக், கியூபெக் பக்கம் ஒரு லீக். வயது 16 முதல் 20 வரை. தேர்வான பையன் அணி இருக்கும் ஊருக்குப் போய்விட வேண்டும். அங்கே 'பில்லட்' குடும்பம் என்று ஒரு வீட்டில் தங்க வைப்பார்கள். சாப்பாடும் பள்ளிக்கூடம் அனுப்புவதும் அந்த வீட்டார் பொறுப்பு. நான் பார்த்த வரையில் பெரும்பாலும் நல்ல மனிதர்கள்தான், பிள்ளை வளர்ந்து கல்யாணம் ஆன பிறகும் உறவு விட்டுப் போவதில்லை. ஆனால் 68 ஆட்டங்கள், பாதி வெளியூரில், எல்லாம் பஸ் பயணம். சூ செயின்ட் மேரியிலிருந்து ஒட்டாவா ஏறக்குறைய 800 கிலோமீட்டர். தேவகோட்டையிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்புகிற தூரத்தைப் பனிக்காலத்தில் ஒரே மூச்சில் போவார்கள். பஸ்ஸிலேயே வீட்டுப்பாடம்.

இந்த நான்கு வருடத்தில் சம்பளம் என்று எதுவும் கிடையாது, கைச்செலவுக்குத்தான் கொடுப்பார்கள். அதனால்தான் உறவுக்காரர்கள் 'பதினாறு வயசிலேயே சம்பாதிக்கப் போறான்' என்று சொன்னால் நம்பாதீர்கள் என்கிறேன். உண்மையான வரவு வேறு இடத்தில் இருக்கிறது: ஒரு பருவம் ஆடினால் ஒரு வருடக் கல்லூரிக் கட்டணத்தை லீக் ஏற்கும். நான்கு பருவம் ஆடினால் ஒரு பட்டப்படிப்பே அதில் முடிந்துவிடும். இதற்குக் காலக்கெடு உண்டு. தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் இந்தச் சலுகை போய்விடுவதும் உண்டு. பையன் கையெழுத்திடும் முன் மகன் வரிவரியாகப் படிக்க வேண்டியது இந்தப் பக்கத்தைத்தான். சங்கத்தில் இருந்தபோது பல பெற்றோர் படிக்காமலே விட்ட பக்கமும் இதுதான்.

இன்னொரு வழி அமெரிக்கக் கல்லூரிகள். அங்கே முதல் தர ஹாக்கி அணி வைத்திருக்கும் கல்லூரிகள் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. நெடுங்காலமாக ஒரு முட்டுக்கட்டை இருந்தது: ஓ.எச்.எல். போன்ற லீகில் கால் வைத்துவிட்டால் அந்தக் கைச்செலவுப் பணத்தைக் காரணம் காட்டித் 'தொழில்முறை ஆட்டக்காரன்' என்று முத்திரை குத்தி, கல்லூரி ஆட்டத்துக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். ஆகவே 15 வயதுப் பிள்ளை இரண்டில் ஒன்றை அப்போதே முடிவு செய்தாக வேண்டும். எவ்வளவு அநியாயம் பாருங்கள். 2024 நவம்பரில் அந்த விதியை மாற்றினார்கள்; 2025 ஆகஸ்ட் முதல் அங்கே ஆடிவிட்டுக் கல்லூரிக்கும் போகலாம். உங்கள் பேரனின் வயதுக்கு இது பெரிய யோகம். குறிப்பாக அவன் கோல்கீப்பர் என்பதால்.

ஏன் குறிப்பாக என்று சொல்கிறேன். கோல்கீப்பர்கள் தாமதமாகத்தான் பழுப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலேயுள்ள வட அமெரிக்கத் தொழில்முறை லீக்தான் என்.எச்.எல்., அதில் 32 அணிகள். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு கோல்கீப்பர், ஒருவர் ஆட, ஒருவர் உட்கார. ஆக உலகம் முழுவதற்கும் 64 இடம். 18 வயதில் நடக்கும் என்.எச்.எல். தேர்வில் ஏழு சுற்றில் 224 பெயர் படிப்பார்கள். அதில் கணிசமானவர்கள் ஓர் ஆட்டம்கூட அந்த மேடையில் ஆடாமலே போய்விடுவார்கள். கோல்கீப்பர் விஷயத்தில் தேர்வாளர்களின் கணிப்பும் அடிக்கடி தப்பும். ஸ்வீடனின் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 2000இல் 205ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார்; பிறகு நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் பதினைந்து பருவம் தூணாக நின்றார். அதே 2000இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ரிக் டிபியட்ரோவும் கோல்கீப்பர்தான். அவருக்கு 2006இல் 15 வருடத்துக்கு 6.75 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். இடுப்பு, முழங்கால் என்று அடுக்கடுக்காகக் காயம். 2013இல் ஒப்பந்தத்தை முறித்து, வருடத்துக்கு 15 லட்சம் டாலர் வீதம் 2029 வரை கொடுத்துத் தீர்ப்பதாக முடிவு. ஆடாமலே வருகிற அந்தப் பணத்தைப் பற்றிக் கேலி பேசுவார்கள். எனக்கு அதில் கேலி தெரியவில்லை, முப்பது வயது தாண்டியதும் முடிந்துபோன உடம்பு ஒன்றுதான் தெரிகிறது.

டிம் தாமஸ் என்பவரின் கதையை மகனிடம் நீங்களே சொல்லுங்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்துச் சாதாரணக் குடும்பம். சிறுவனாக இருந்தபோது கோல்கீப்பர் பயிற்சி முகாமுக்கு அனுப்பப் பெற்றோர் தங்கள் கல்யாண மோதிரங்களைப் பணமாக்கினார்கள். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்துக்கொண்டே ஆடினார். நடுவே 1994இல் 217ஆவது ஆளாகத் தேர்வு. படிப்பு முடிந்ததும் கீழ்மட்ட லீக், பிறகு ஃபின்லாந்து, ஸ்வீடன், மறுபடி அமெரிக்கா, மறுபடி ஃபின்லாந்து. என்.எச்.எல். அணியில் நிலையான இடம் கிடைத்தபோது அவருக்கு 31 வயது. 2011இல், 37 வயதில், பாஸ்டன் அணிக்காக என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பையை வென்றார். இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடவில்லை. கோப்பைச் சுற்றுகள் முழுவதற்குமான சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

கதையை இதோடு நிறுத்தினால் சுகமாக இருக்கும். 2013இல் தலையில் பட்ட அடிக்குப் பிறகு மூளை பாதிக்கப்பட்டு, என்ன சாப்பிடுவது என்றுகூட முடிவெடுக்க முடியாமல் கிடந்ததாக 2019இல் அவரே வாய்திறந்து சொன்னார். அதுவரை ஊர் உலகத்தின் கண்ணில் படாமலே இருந்தார்.

ஆபத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அதனால் இதை மறைக்க முடியாது. பல் போவது, முகம் கிழிவது எல்லாம் இந்த ஆட்டத்தில் காயமாகவே மதிக்கப்படாது. கோல்கீப்பர்கள் முகமூடி போடும் வழக்கமே 1959இல் ஜாக் ப்ளான்ட் என்பவர் முகம் கிழிந்து, முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த பிறகுதான் பரவியது. 1989இல் கிளின்ட் மலர்ச்சக் என்ற கோல்கீப்பரின் கழுத்து ரத்தக் குழாயைச் சறுக்குக் கத்தி அறுத்துவிட்டது. உடனடிச் சிகிச்சையால் பிழைத்தார். 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் ஆடிக்கொண்டிருந்த ஆடம் ஜான்சன் அதேபோன்ற வெட்டில் இறந்துபோனார். கனடாவில் பிள்ளைகள் ஆட்டத்தில் கழுத்துக் காப்பு கட்டாயம், உங்கள் பேரன் போட்டுக்கொண்டுதான் ஆடுவான். உடம்பால் மோதி ஆடுவதை 13 வயதுக்குக் கீழ் 2013இலேயே தடை செய்துவிட்டார்கள். அதாவது அந்த மோதல் இப்போதுதான் அவன் ஆட்டத்துக்குள் வந்திருக்கும். கோல்கீப்பரை மோதக்கூடாது என்று விதி இருந்தாலும் வலைக்கு முன்னால் ஆட்கள் விழத்தான் செய்வார்கள். எனக்குப் பெரிய கவலை தலை. அடுத்தது இடுப்பு: முழங்காலை உள்பக்கம் மடித்து விழுந்து விழுந்து தடுக்கும் இந்தக் காலத்து முறை இடுப்பு மூட்டைத் தேய்த்துவிடும்.

சம்பளத்துக்கு வருவோம். என்.எச்.எல். அணியில் 2025-26இல் குறைந்தபட்சமே 7,75,000 அமெரிக்க டாலர், நம் பணத்தில் ஆறரைக் கோடிக்கு மேல். உச்சம் எங்கே என்றால், நியூயார்க்கின் இகோர் ஷெஸ்டெர்கின் என்ற கோல்கீப்பர் வருடத்துக்கு 1.15 கோடி டாலர் வாங்குகிறார், ஏறக்குறைய நூறு கோடி ரூபாய். இவரும் 118ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர்தான். கல்யாண வீட்டில் பேசுகிறவர்கள் இந்தத் தொகையைத்தான் பேசுவார்கள்.

பேசாதது இது. 18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திட்டால் முதல் ஒப்பந்தம் மூன்று வருடம். அதில் இரண்டு சம்பளம் எழுதியிருக்கும்: மேல் அணியில் இருக்கிற நாட்களுக்கு ஒன்று, அடுத்த மட்டமான ஏ.எச்.எல். லீகுக்கு அனுப்பினால் இன்னொன்று. இரண்டாவது தொகை முதலாவதில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். இளம் கோல்கீப்பருக்கு அந்த மூன்று வருடத்தில் பெரும்பகுதி கீழேதான் கழியும். மேலே போனாலும் கைக்கு வருவது முழுத்தொகை அல்ல. ஒன்டாரியோவில் உச்ச வருமான வரி 53.53 சதவீதம்; முகவருக்கு மூன்று முதல் ஐந்து சதவீதம்; லீக் வருமானத்தில் பாதிதான் ஆட்டக்காரர்களுக்கு என்ற கணக்கைச் சரிக்கட்ட ஒரு பிடித்தம். பாதிக்குக் கீழே வந்து நிற்கும். 27 வயது வரை, அல்லது ஏழு பருவம் முடியும் வரை, விரும்பிய அணிக்குப் போகிற சுதந்திரமும் கிடையாது. காலையில் ஓர் ஊர், சாயங்காலம் 'உன்னை வேறு அணிக்கு மாற்றிவிட்டோம்' என்று போன் வரும்.

உண்மையில் இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் என்.எச்.எல்.லில் இல்லை. ஏ.எச்.எல்., அதற்கும் கீழே இ.சி.எச்.எல்., கடல் கடந்தால் ஸ்வீடன், ஃபின்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ரஷ்யா. இ.சி.எச்.எல்.லில் வாரக்கூலி சில நூறு டாலர்தான், குடியிருக்க இடம் அணி கொடுக்கும். ஐரோப்பாவில் பல அணிகள் வீடும் காரும் கொடுத்துக் கௌரவமான சம்பளமும் தரும். பத்து வருடம் அங்கே ஆடிக் குடும்பத்தை நன்றாக நடத்தியவர்கள் நிறையப் பேர். தாமஸும் அந்த வழியில் நடந்தவர்தானே. ஆனால் வருடா வருடம் ஊர் மாறும், மருமகளாக வருகிறவளுக்கு நிலையாக ஒரு வேலை அமையாது. முப்பத்தைந்துக்குள் பெரும்பாலும் கடை கட்ட வேண்டியிருக்கும். கோல்கீப்பருக்கு இரண்டொரு வருடம் கூடக் கிடைக்கலாம். அதன்பிறகு பயிற்சியாளர், ஆள் தேர்வாளர் என்று சிலருக்கு வழி பிறக்கும். மற்றவர்களுக்குக் கையில் பட்டம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் எல்லாம்.

'நம்ம நிறத்துப் பிள்ளையை அங்கே மேலே விடுவார்களா' என்று கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தீர்கள். பஞ்சாபிக் குடும்பத்து ராபின் பாவா 1989லேயே என்.எச்.எல். ஏறினார். மிசிசாகாவிலேயே பிறந்த மேனி மல்ஹோத்ரா, அப்பா இந்தியர், 1998இல் ஏழாவது ஆளாக எடுக்கப்பட்டு 991 ஆட்டம் ஆடினார். 2011 மார்ச்சில் வட்டு கண்ணில் பட்டு அறுவைச் சிகிச்சை மேல் அறுவைச் சிகிச்சை. ஆனாலும் அந்த ஜூனில் இறுதித் தொடருக்குத் திரும்பி வந்தார். எதிர் முனையில் வலை காத்து நின்றவர் யார் என்கிறீர்கள், அதே டிம் தாமஸ்தான். இப்போது மல்ஹோத்ரா பயிற்சியாளர். 2025இல் அவருடைய அபட்ஸ்ஃபோர்டு அணி ஏ.எச்.எல். கோப்பையை வென்றது. அர்ஷ்தீப் பெய்ன்ஸ் என்ற பையனை 18 வயதுத் தேர்வில் யாருமே எடுக்கவில்லை; விடாமல் ஆடி 2024இல் வான்கூவர் அணியில் இறங்கினார். இந்த ஆட்டத்துக்குப் பஞ்சாபியில் தொலைக்காட்சி வர்ணனையே நடக்கிறது. கேட்டுப் பாருங்கள், ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் எழுந்து உட்கார வைத்துவிடும்.

ஆகவே பையனை நிறுத்தச் சொல்லாதீர்கள். இரண்டு பருவத்துக்கு ஒருமுறை அவன் பள்ளி மதிப்பெண்ணையும் ஆட்ட நிலையையும் சேர்த்துப் பார்த்து மேலே போவதா என்று முடிவு செய்யச் சொல்லுங்கள். தலையில் அடி பட்டால் ஆட்டம் எவ்வளவு முக்கியமாக இருந்தாலும் மருத்துவர் கையெழுத்தில்லாமல் இறங்கக்கூடாது என்பதை மட்டும் அப்பத்தா உத்தரவாகவே சொல்லிவிடுங்கள். கோடை விடுமுறையில் அவன் ஊருக்கு வந்தால் இங்கே பனித்தரை இல்லையே என்று மருமகள் தயங்க வேண்டாம். கோல்கீப்பர்கள் கண்ணுக்கும் கைக்கும் செய்கிற பயிற்சிக்கு ஒரு டென்னிஸ் பந்தும் சுவரும் போதும். கொல்லைச் சுவரைக் காட்டுங்கள். முகப்பிலும் பட்டாலையிலும் கண்ணாடியாய் மின்னுகிற அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் அடிக்க விட்டுவிடாதீர்கள், இன்று அப்படிப் பூச எளிதில் ஆள் கிடைக்காது.

பணம் அனுப்பியே ஆக வேண்டும் என்று மனது கேட்டால், ஹாக்கிக்கு அனுப்பாமல் படிப்புக்கு அனுப்புங்கள். கனடாவில் ஆர்.இ.எஸ்.பி. என்று பிள்ளைகள் படிப்புச் சேமிப்புக் கணக்கு உண்டு. வருடத்துக்கு 2,500 டாலர் போட்டால் அரசாங்கம் அதில் 20 சதவீதம், அதாவது 500 டாலர், தன் பங்காகச் சேர்க்கும். மொத்தம் 7,200 டாலர் வரை கொடுக்கும். முந்தைய வருடங்களில் விட்டதையும் வருடத்துக்கு ஒரு வருடமாகப் பிடிக்கலாம். ஆனால் 16, 17 வயதில் இந்த மானியம் வர வேண்டுமென்றால், 15 வயது நிறைகிற வருடத்தின் டிசம்பர் 31க்குள் குறைந்தது 2,000 டாலராவது கணக்கில் போட்டிருக்க வேண்டும், அல்லது அதற்கு முன்பே நான்கு வருடம் நூறு நூறு டாலராவது போட்டிருக்க வேண்டும். பேரனுக்கு 14 என்கிறீர்கள். மகன் கணக்கு தொடங்கியிருக்கிறாரா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போதே கேட்டுவிடுங்கள்.